கன்னிக்கு வைத்த கால்

நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்ததே, ஈரத்துணியை நாய் கடித்து உதறுகிற மாதிரி, அது என்னவென்று இன்று காலையில் குழாயடியில் கேட்டீர்கள் அல்லவா அக்கா? பூனை என்று சொன்னேன். பூனை இல்லை. மிக்ஸி. மிக்ஸியில் நான் ஒரு காகிதத்தை அரைத்துக்கொண்டிருந்தேன்.

கான்வென்ட்டில் படித்தவள் நான். சின்னப் பொய், பெரிய பொய் என்று அங்கே இரண்டு வகை சொல்லிக்கொடுத்தார்கள். பூனை என்றது சின்னப் பொய். பெரிய பொய் நான் எதுவும் சொன்னதில்லை. இதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

இன்று சாயந்தரம் நடந்ததில் பாதியை உங்கள் வாசலில் நின்று பார்த்தீர்கள். பாதியைப் பார்த்தவர்கள்தான் முழுசாகப் பேசுவார்கள். உங்களைச் சொல்லவில்லை அக்கா. நீங்கள் இந்தக் காம்பவுண்டுக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது, உங்கள் குணம் எனக்குத் தெரியாது. பொதுவாகச் சொல்கிறேன். நேரில் வந்து சொல்லலாம்தான். ஆனால் இங்கே ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் ‘நூறு’ என்பார்கள். இவர் நைட் ஷிப்ட் போயிருக்கிறார். பிள்ளை துருவன் தூங்குகிறான். அதனால் எழுதுகிறேன். காலையில் பால் வாங்க வரும்போது உங்கள் கையில் கொடுத்துவிடுவேன்.

நான் செய்கிற வேலை உங்களுக்குத் தெரியும். குழந்தைகளுக்கு முதல் வருஷ ஆல்பம். இவர் பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறார், வெட்டி ஒதுக்குகிற பேப்பரை மூட்டையாகக் கொண்டுவருவார். அதை ஊறவைத்து, அரைத்து, சல்லடைச் சட்டத்தில் அள்ளிக் காயவைத்தால் தடித்த தாள் கிடைக்கும். சிவகாசியில் குப்பையில் போகிற காகிதம்தான், என் கைக்கு வந்தால் கல்யாணப் பட்டு மாதிரி இருக்கும். அழிரப்பரில் நானே அச்சு செதுக்குவேன். வாத்து, யானை, நிலா. அதை பெயிண்டில் தொட்டு ஓரம் முழுக்கக் குத்துவேன். முதல் முடி ஒரு பக்கம், முதல் பல் ஒரு பக்கம். நடுப்பக்கம் கால். குழந்தையின் உள்ளங்காலில் ஸ்பாஞ்சால் ரோஸ் பெயிண்ட் தடவி, தாளில் ஒரு ஒற்று. அந்தப் பக்கத்தைப் பார்த்து அழாத தாய் கிடையாது. இது பெருமைக்குச் சொல்வதில்லை. இந்த ஊரில் இந்த வேலையை இந்தச் சுத்தத்தோடு செய்ய வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அனுசுயா என்று பெயர், இன்று வந்தவளுக்கு. பட்டாசுக் கடை ஜெயபால் வீடு. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் மகள் மகிழினி என் துருவனுக்கு ஒரு மாசம் இளையவள். ஏழாம் மாசம் அவர்கள் வீட்டுக்குப் போய்க் காலை எடுத்து வந்தேன். நல்ல கால். கொழுகொழுவென்று, ஒரு இழை பிசகாமல் பதிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் விரித்துக் காயவைத்தேன். சோறு வடிக்க அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தால் துருவன் தவழ்ந்து போய் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறான். உட்கார்ந்தது மட்டும் இல்லை. மூத்திரம் போயிருக்கிறான். ரோஸ் பெயிண்ட் ஓடி ஒரு பீட்ரூட் மாதிரி ஆகிவிட்டது.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? திரும்பப் போய் எடுப்பேன் என்பீர்கள். போன் பண்ணினேனே. பிள்ளையோடு அம்மா வீட்டுக்கு ராஜபாளையம் போய்விட்டாள், வர இரண்டு மாசம் ஆகும் என்றார்கள். இரண்டு மாசம் கழித்து எடுத்தால் அது ஒன்பதாம் மாசக் கால். ‘ஏழாம் மாதம்’ என்று அச்சு செதுக்கி வைத்தாகிவிட்டது. துருவன் அங்கேயே உட்கார்ந்து சிரிக்கிறான். தப்புச் செய்தவனே ஈடு கட்டட்டும் என்று அவன் இடது காலைப் பிடித்துப் பெயிண்ட் தடவினேன். ஒற்றும்போது உதறிக் காலை இழுத்துக்கொண்டான். குதிகாலில் ஒரு அரிசி அளவுக்குப் பதியவில்லை. மற்றபடி சுத்தம். ஏழு மாசக் காலுக்கும் எட்டு மாசக் காலுக்கும் கடவுளாலும் வித்தியாசம் சொல்ல முடியாது.

இது பொய்யா அக்கா? நான் வாய் திறந்து இது உங்கள் பிள்ளை கால் என்று சொல்லவே இல்லை. ஆல்பத்தைக் கொடுத்தேன். முதல் பிறந்தநாளில் அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்து அழுதாள். நான் கேக் சாப்பிட்டு வந்தேன்.

மூன்றாவது வாரம் மகிழினி செத்துப்போனாள். காய்ச்சல். இரண்டே நாள். துஷ்டிக்குப் போயிருந்தேன். அனுசுயாவின் நாத்தனார் பாக்கியம் நடுவீட்டில் நின்று, “காச்ச அடிக்கிற புள்ளைக்குத் தலைக்கு ஊத்துவாளா ஒருத்தி? கொன்னுபுட்டாளே!” என்று மாரில் அடித்துக்கொண்டாள். அனுசுயா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பாவமாகத்தான் இருந்தது. எனக்கும் பிள்ளை இருக்கிறது.

உங்கள் பக்கமும் வழக்கம் இருக்கும். கல்யாணம் ஆகாமல் போன பெண்பிள்ளையை வீட்டுக் கன்னியாகக் கும்பிடுவது. ஓலைப்பெட்டியில் ஒரு சின்னப் பாவாடை, வளையல், சீப்பு வைத்து, வெள்ளிக்கிழமை விளக்கு வைத்து. நாற்பத்தோராம் நாள் மகிழினியைக் கன்னியாக வைக்கிறோம், நீயும் வா நளினா என்று சொல்லிவிட்டார்கள். போனேன். சாமி ரூமில் பெட்டி இருந்தது. பெட்டிக்கு மேலே, ஆணியில், கண்ணாடி இல்லாத மரச் சட்டத்துக்குள், மாலை போட்டு, என் பிள்ளையின் கால்.

ஆல்பத்திலிருந்து அந்தப் பக்கத்தைப் பிரித்து எடுத்திருக்கிறார்கள். நான் எவ்வளவு நுணுக்கமாகக் கோத்த ஆல்பம்!

ஐந்து விரலிலும் சந்தனம். உள்ளங்காலில் குங்குமம். அப்போதுதான் அந்தப் பாக்கியம் சட்டத்துக்குப் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தாள். துருவனுக்கு இடது காலில் சுண்டுவிரல் பக்கத்து விரல் மேல் ஏறியிருக்கும். எனக்கும் அப்படித்தான், எங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான். பாக்கியம் பார்த்தாள். “ஏ, இங்க வாங்க எல்லாரும்! எங்க பெரியத்தைக்கு இப்பிடித்தான இருக்கும்? தாலி ஏறாமலே போனாகளே, அவுகளுக்கு! அவுகதான் வந்துட்டுப் போயிருக்காக!” என்று கத்தினாள். அங்கேயே சாமி வந்து ஆடினாள். ஆடி முடித்து அனுசுயாவைக் கட்டிப்பிடித்து, “தெய்வத்தைச் சொமந்திருக்கம்மா, நான் ஒன்னையப் பேசிப்புட்டேனே” என்று அழுதாள்.

எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன். ஏன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

சிஸ்டர் பெலிசிட்டா எங்களுக்கு மாரல் சயின்ஸ் எடுத்தார்கள். மூடநம்பிக்கை மனசில் பிடிக்கிற பாசி என்பார்கள். நான் எதையும் நம்புகிறவள் இல்லை. பூனை குறுக்கே போனாலும் போவேன். ஆனால் அக்கா, உயிரோடு இருக்கிற ஆண்பிள்ளையின் காலைச் செத்த பெண்பிள்ளையின் கால் என்று வைத்து, வெள்ளிக்கு வெள்ளி சூடம் காட்டினால், உங்களுக்கு எப்படி இருக்கும்? உங்கள் பிள்ளை காலாக நினைத்துப் பாருங்கள்.

துருவன் பதினோராம் மாசமே பிடித்து நின்றவன். இன்றைக்கோ நாளைக்கோ நடந்துவிடுவான் என்று இவர் நடைவண்டி கூட வாங்கி வந்தார். மகிழினியைக் கன்னியாக வைத்த பிறகு இவன் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. பீரோவைப் பிடித்து நிற்பான். கையை எடுத்தால் உட்கார்ந்துவிடுவான். பதினேழு மாசம் ஆகிவிட்டது. டாக்டர் காலைத் தட்டிப் பார்த்து, “சில பிள்ளைங்க பதினெட்டு மாசம் வரைக்கும் எடுத்துக்கும்மா, கால் நல்லாத்தான் இருக்கு” என்றார். கால் நல்லாத்தான் இருக்கும். கால் இங்கே இருந்தால்தானே?

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “ஒரு பேப்பருக்கா இந்தப் பாடு? நேராப் போயி உண்மையச் சொல்லிட்டு வா” என்றார். ஆம்பிளைக்குச் சொல்ல என்ன? போய்ச் சொல்வது நான். அப்புறம் இந்த ஊரில் எவள் என்னிடம் பிள்ளையின் காலைக் கொடுப்பாள்? “நீங்க வேணா போய்ச் சொல்லுங்க” என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

அதனால் யாருக்கும் நோகாமல் ஒரு வழி யோசித்தேன். அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும், யாருக்கும் நோகாமல். போன செவ்வாய்க்கிழமை அனுசுயா வீட்டுக்குப் போனேன். “அக்கா, சந்தனமும் எண்ணெயும் பட்டுத் தாள் நைஞ்சு போவுது. ரெண்டு நாள் குடுங்க, பக்குவம் பண்ணித் தாரேன்” என்றேன். அவள் சட்டத்தைக் கழற்றித் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையிலும் வைத்துக் கொடுத்தாள். “வெயில்ல காட்டிராத நளினா” என்றாள்.

செருப்புக் கடையில் அடிப்பாகத்துக்கு வெட்டுகிற ரப்பர் ஷீட் வாங்கினேன். அழிரப்பர் அந்த அளவுக்குக் கிடைக்காது. அதில் ஒரு கால் செதுக்கினேன். யார் காலும் இல்லை. ஏறின சுண்டுவிரல், உள்ளங்கால் பள்ளம், ரேகை முதற்கொண்டு. ஒரு ராத்திரி, ஒரு பகல். அதே தாள், அதே ரோஸ். ஒற்றி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதில் குதிகாலில் ஒரு ஓட்டை இருந்தது இல்லையா, இதில் முழுசாக இருந்தது. பழையதைவிட இதுதான் கால் மாதிரி இருந்தது. பழைய சந்தனப் பொட்டுகூட அளந்து வைத்தேன். அப்படி ஒரு வேலையை நான் இதுவரை செய்ததில்லை, இனிச் செய்யப்போவதும் இல்லை. நேற்று மத்தியானம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாக்கியம் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “புதுசு போல ஆக்கிட்டியே தாயீ” என்றாள்.

பழைய தாளை என்ன செய்வது? எரித்தால் கால் எரிகிற மாதிரி. கிழிக்கவும் மனசு வரவில்லை. பிள்ளையாரைக்கூடக் கும்பிட்டு முடித்துத் தண்ணீரில் கரைக்கத்தானே செய்கிறோம்? ஊறவைத்தேன். இவர் போனதும் மிக்ஸியில் போட்டேன். அந்தத் தாள் தடிப்பு, பிளேடில் சிக்கிச் சிக்கி இழுத்தது. அதுதான் நீங்கள் கேட்ட சத்தம். கூழைக் கறிவேப்பிலைச் செடித் தூரில் ஊற்றிவிட்டு வந்து படுத்தேன். இரண்டு மாசத்துக்கு அப்புறம் நேற்றுத்தான் தூங்கினேன்.

இன்று சாயந்தரம் ஐந்தரைக்கு அனுசுயா வந்தாள். காலில் செருப்பு இல்லை. கட்டைப் பையில் அந்தச் சட்டம்.

“நளினா, இது அவ காலு இல்ல.”

“என்னக்கா சொல்லுறீங்க? நீங்க குடுத்ததத்தானே குடுத்தேன்” என்றேன்.

“அவ குதிகால்ல ஒரு அரிசி அளவு விட்டிருக்கும். தெனமும் அந்த எடத்துலதான் நான் முத்தம் குடுப்பேன். மத்த எடமெல்லாம் சாமிக்கு, அந்த எடம் எனக்கு. இதுல அது இல்ல. என்ன பண்ணுன?”

எவ்வளவு பெரிய முட்டாள் பாருங்கள் நான். வேலையைச் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தது தப்பாகிப் போனது.

நான் பதில் யோசிப்பதற்குள் அவள் கண் கீழே போய்விட்டது. துருவன் பீரோவைப் பிடித்து நின்றுகொண்டிருந்தான், ஜட்டியோடு. அவள் தரையில் உட்கார்ந்தாள். அவன் இடது காலைத் தொட்டாள். அந்தச் சுண்டுவிரலைத் தூக்கிப் பார்த்தாள், விட்டாள், அது திரும்பவும் மேலே ஏறிக்கொண்டது. அப்புறம் குனிந்து என் காலைப் பார்த்தாள்.

“எப்ப இருந்து?” என்றாள்.

“மொதல்ல இருந்தே.”

“அவ காலு எங்க?”

“இவன் மூத்திரம் போயிட்டான்க்கா. குப்பையில போட்டுட்டேன்.”

“அப்ப இம்புட்டு நாளும் நான் முத்தம் குடுத்தது?”

“அதுவும் இப்ப இல்ல. கரைச்சிட்டேன்.”

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் கத்தவில்லை. “அப்ப அவளுக்குன்னு ஒண்ணுமே இல்ல” என்றாள். போட்டோ எவ்வளவோ இருக்கிறதே அக்கா என்றேன். நான் ஆறுதலுக்குத்தான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் என்னவோ சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்ட மாதிரி.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குரல் இறங்கிவிட்டது.

“பாக்கியம் மதினிட்ட சொல்லிராத நளினா. அந்த வெரலப் பாத்துட்டுத்தான் என்கிட்டப் பேசவே ஆரம்பிச்சாக. அதுக்கு முன்ன, தட்டுல சோறு போட்டா எடுக்க மாட்டாக. அவுக அண்ணன்காரரும் அப்பிடித்தான். இது செருப்பு ரப்பரு மாதிரி வாடை அடிக்குது. நேத்து வாங்குன சந்தோசத்துல மதினி கவனிக்கல. இன்னைக்கு வெள்ளிக்கிழமை, கும்பிடப் பக்கத்துல வந்தா அவுக கண்டுபிடிச்சிருவாக. நீ இன்னொரு தடவை எடுத்துக் குடு. அதே காலு. யாரு காலா இருந்தா என்ன, கும்பிட்டுப் பழகிருச்சு. பெயிண்டு அந்தா மேல இருக்கு. ரெண்டு நிமிசம். இழுத்தாம்னா இழுக்கட்டும், குதிகால் அதே மாதிரி விடட்டும்.”

உண்மையைச் சொல்கிறேன் அக்கா. நான் எழுந்து பெயிண்ட் டப்பாவை எடுத்தேன். மூடியைக்கூடத் திறந்துவிட்டேன். எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டால் தொல்லை விட்டது என்று ஒரு நிமிஷம் தோன்றியது. எனக்கும் இரக்கம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

அவள் தரையில் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் நீட்டி, “வாங்க சாமி, வாங்க, அம்மாட்ட வாங்க” என்றாள்.

துருவன் பீரோவை விட்டான்.

ஒரு அடி. நின்றான். ஆடினான். இன்னொரு அடி. அப்புறம் தடதடவென்று நான்கு அடி, அவள் மடியில் போய் விழுந்தான். அவள் அவனை அள்ளி எடுத்து, “நடந்துட்டான்! ஏ நளினா, பாத்தியா, நடந்துட்டான்!” என்று சிரித்தாள். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நான் பெற்ற பிள்ளை முதல் முதலில் நடக்கிறான், அவள் சிரிக்கிறாள், நான் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி நிற்கிறேன்.

அந்த நிமிஷம் எனக்கு விளங்கிவிட்டது. நேற்று ராத்திரி காகிதம் கரைந்தது, இன்று கால் வந்துவிட்டது. இதைவிட அத்தாட்சி என்ன வேண்டும்? மறுபடியும் நானே என் கையால் அதை ஒற்றிக் கொடுத்து அந்தப் பெட்டிக்கு மேலே மாட்டச் சொல்வதா? எந்தத் தாய் செய்வாள்? நீங்கள் செய்வீர்களா?

பிள்ளையைப் பிடுங்கினேன். அவன் அவள் முந்தானையை விடவில்லை, விரலைப் பிரிக்க வேண்டியிருந்தது. “எந்திரிங்கக்கா” என்றேன். “ஒரே ஒரு தடவை நளினா” என்றாள். “எந்திரிங்க. ஒங்களுக்கு அடுத்த பிள்ளை பிறக்கும், அதுக்குச் சும்மாவே ஆல்பம் போட்டுத் தாரேன்” என்றேன். நல்ல மனசோடு சொன்னேன். முழங்கையைப் பிடித்துத்தான் எழுப்பினேன், தள்ளவில்லை. வாசலில் அவள் காலில் விழ வந்தாளே, அதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். அவள் கும்பிட்டது என்னை இல்லை. என் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் காலை.

“வெளக்கு வைக்க நேரமாச்சு நளினா. நான் என்னத்தக் கொண்டுட்டுப் போவேன்?” என்று கேட்டாள்.

கதவைச் சாத்தினேன். இந்த வீட்டுக்கு வந்த மூன்று வருஷத்தில் பகல் வெளிச்சத்தில் அதைச் சாத்தியதே இல்லை. ஆல்பத்துக்கு யாராவது பிள்ளையோடு வந்துகொண்டே இருப்பார்கள். தாழ்ப்பாள் துருப்பிடித்து நகர மறுத்தது. வெளியே அவள் கதவில் கையை வைத்திருக்கிறாள் என்பது பலகை வழியாகத் தெரிந்தது, தட்டவில்லை, சும்மா வைத்திருந்தாள். துருவன் அந்தப் பக்கமாகக் கையை நீட்டி வீறிட்டு அழுதான். அவனை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, உள்ளங்கையால் தாழ்ப்பாளை ஒரு அடி, இரண்டாவது அடி அடித்தேன். மூன்றாவது அடியில் விழுந்தது.